சரக்குப் போக்குவரத்து தரும் பாடம்

பயிரை நன்கு விளைவித்தால் மட்டும் போதாது. விளைபொருளைக் குறித்த நேரத்தில் உரிய இடத்தில் சேர்த்தால்தான் முழு விலை கிடைக்கும். இவ்வகையில் ஜோர்டான் நாட்டைச் சேர்ந்த ஃபாதி கந்தூரின் அனுபவம் உழவர் குழுக்களுக்குப் பயனுள்ளதாகும்.

இவர் 1982-ல் பங்குதாரர் ஒருவருடன் 'அராமெக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். சொந்த விமானம் வாங்கவில்லை; பிறர் விமானங்களில் இடம் பிடித்தே பார்சல்கள் அனுப்பப்பட்டன. மேற்காசிய நாடுகளில் அமெரிக்க கூரியர் நிறுவனங்களின் பார்சல்களைக் கொண்டு சேர்ப்பதே முதல் தொழில். 1997-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் அரபு நிறுவனம் இதுவேயாகும்.

ஆனால், பார்சல் எங்கே இருக்கிறது என்று கண்டறியும் கணினி முறை, கூட்டாளியான ஏர்போர்ன் நிறுவனத்துடையது. 2003-ல் ஏர்போர்னை டிஎச்எல் வாங்கியதும் அம்முறை கைவிட்டுப் போகும் நிலை ஏற்பட்டது. அராமெக்ஸ் சொந்த முறையை உருவாக்கியது. அதே இக்கட்டில் இருந்த பிற நாட்டு நிறுவனங்களையும் சேர்த்துக் கூட்டமைப்பு கண்டது. 2012-ல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய கந்தூர், 'வம்தா' நிறுவனத்தின் மூலம் அரபு நாடுகளின் இளம் தொழில்முனைவோருக்கு முதலீடு அளிக்கலானார்.

உழவர் குழுக்கள் கவனிக்க வேண்டியவை

1. தொடக்கத்திலேயே கடன்பட்டு லாரி வாங்க வேண்டாம். பலருடைய விளைபொருளைச் சேர்த்து, வாடகை வண்டியில் முழுச் சுமையாக அனுப்பினால் செலவு குறையும்.

2. எடைச்சீட்டு, வரவு செலவு, வாங்குவோர் முகவரி ஆகியவை வியாபாரியிடம் மட்டும் இருக்கக் கூடாது. குழுவின் பதிவேட்டிலும் இருக்க வேண்டும்.

3. ஒரே வியாபாரியை நம்பியிராமல், இரண்டு மூன்று பேரிடமாவது தொடர்பு வைத்திருத்தல் நலம். ஒருவர் விலகினாலும் சரக்கு தேங்காது.