உங்களுக்குத் தெரியுமா? – உயிர் காக்கும் பையே ஊறு செய்த விபரீதம்

மோட்டார் வண்டி மோதிய க்ஷணத்தில், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உப்பி, ஓட்டுபவரின் முகத்தையும் மார்பையும் ஏந்திக்கொள்ள வேண்டிய ஏர்பேக் என்னும் காற்றுப்பையே பிராணாபாயமாக மாறிய விபரீதம், ஜப்பானியக் கம்பெனியான தகாட்டாவின் தயாரிப்புகளில் நிகழ்ந்தது. பையை ஊதுவதற்காக உலோகக் குப்பிக்குள் வில்லைகளாக அடைக்கப்பட்டிருந்த அம்மோனியம் நைட்ரேட், உஷ்ணமும் ஈரமும் மிகுந்த பிரதேசங்களில் பல வருஷங்கள் கிடந்து சிதைந்து, பற்றவைக்கப்பட்டபோது அளவுமீறிய வேகத்தில் எரிந்து குப்பியைப் பிளக்க, உலோகச் சில்லுகள் பையின் துணியைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தன. சாதாரண மோதலில் பிழைத்திருக்க வேண்டியவர்களும் இதனால் மாண்டார்கள் என்பதை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கம்பெனியும் 2017 ஜூனில் திவாலாயிற்று.

பை ஊறு செய்வது ஒருபுறமிருக்க, அது வேண்டிய வேளையில் விரியாமல் போவதும் ஆபத்தே. சாவியைத் திருப்பியதும் ஓட்டுபவரின் முன் எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டிய ஏர்பேக் விளக்கு அணையாது நின்றால், பை விரியாமலும், சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் விசை இயங்காமலும் போகக்கூடுமாதலால், அதை ஒரு நாளும் அலட்சியம் செய்யலாகாது. ஆசனத்தை அடிக்கடி முன்னும் பின்னும் நகர்த்துவதால், அதனடியில் ஓடும் மஞ்சள் நிற ஒயரின் இணைப்பு தளர்ந்திருப்பதும் விளக்கு அணையாதிருப்பதற்கு ஒரு காரணமாகும்.