பழுதான ஹார்டு டிஸ்க்கிலிருந்து குடும்ப நினைவுகளை மீட்பது எப்படி?



2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது நம் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. அரிசி மூட்டையையும் கிதாபுகளையும் பரணில் ஏற்றிய நாம், மேசைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரை மறந்துவிட்டோம். மவுத்தாகிவிட்ட நம் உம்மா, கடைசி ரமளானில் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்ன குரல் பதிவுகள் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை.

தண்ணீர் வடிந்ததும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மாட்டி, ஸ்விட்சைப் போட்டோம். 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சகோதரி மகனுக்கு போன் செய்தோம். "மாமா, முதல்ல கரண்டை ஆஃப் பண்ணுங்க. இனிமே அதைப் போடவே போடாதீங்க" என்றார். அதற்குள் நாம் இரண்டு தவறுகளைச் செய்து முடித்திருந்தோம். அவை என்னவென்று புரிய, ஹார்டு டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் கண்ணாடிபோல் மின்னும் வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகின்றன. அவற்றை வாசிக்கும் முனை தகட்டைத் தொடாமல், தலைமுடியின் பருமனைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவான இடைவெளியில் மிதக்கிறது. ஒரு தூசி குறுக்கே வந்தாலும் தகட்டில் கீறல் விழும். நாம் வெயிலில் காயவைத்தபோது வெள்ளத்தின் சேறும் உப்பும் தகட்டிலேயே ஒட்டிக் காய்ந்தன. ஸ்விட்சைப் போட்டபோது வாசிப்பு முனை அதன்மேல் உரசியது. நனைந்த டிஸ்க்கைக் காயவைக்காமல், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, தாமதமின்றி நிபுணரிடம் கொடுப்பதே சரியான முறை.

எல்லாப் பழுதும் ஒன்றல்ல. மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. கம்ப்யூட்டர்தான் பழுது, டிஸ்க் நலமாக இருக்கிறது. விண்டோஸ் திறக்கவில்லை என்றாலே "எல்லாம் போச்சு" என்று பதற வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேபிள் மூலம் வேறு கம்ப்யூட்டரில் இணைத்தால் ஃபைல்கள் அப்படியே கிடைத்துவிடக்கூடும்.

2. தவறுதலாக அழித்துவிட்டோம், அல்லது ஃபார்மட் செய்துவிட்டோம். ஒரு ஃபைலை அழிக்கும்போது பெரும்பாலும் அதன் முகவரி மட்டுமே நீக்கப்படுகிறது. அந்த இடத்தில் புதிதாக எதுவும் எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். ஆகவே அந்த டிஸ்க்கில் எதையும் சேமிக்கக் கூடாது, மீட்பு மென்பொருளையும் அதில் நிறுவக் கூடாது. டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவச மென்பொருட்களை வேறு கம்ப்யூட்டரில் வைத்து, மீட்டவற்றை வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும். போட்டோரெக்கில் படங்கள் திரும்பினாலும் பழைய பெயர்கள் பெரும்பாலும் திரும்பாது. பொறுமையாக அடுக்கிக்கொள்ள வேண்டியதுதான். புதிய எஸ்எஸ்டி வகைகளில் 'ட்ரிம்' என்ற ஏற்பாடு அழித்தவற்றைத் தானாகவே துடைத்துவிடுவதால், அவற்றில் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

3. டிஸ்க்கின் உள்ளேயே பழுது. டிக் டிக் சத்தம், உரசும் சத்தம், சுற்றாமல் நிற்பது ஆகியவை இதன் அடையாளங்கள். இங்கே மென்பொருளுக்கு வேலையில்லை. ஒவ்வொரு முறை ஸ்விட்சைப் போடும்போதும் சேதம் கூடும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது போன்ற கைவைத்தியங்கள் வேண்டாம். தூசியற்ற அறையும் உதிரிபாகங்களும் உள்ள மீட்பு நிலையத்தில்தான் திறக்க வேண்டும்.

அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு மீட்க முடியும்? 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர் பயணித்த கொலம்பியா விண்கலம் வானிலேயே சிதறியது. பூமியில் கண்டெடுக்கப்பட்ட ஒரு ஹார்டு டிஸ்க் வெளியே உருகிக் கருகிப் போயிருந்தது. ஆனாலும் உள்ளே தகடுகள் தப்பியிருந்ததால், ஏறத்தாழ 99 சதவீதத் தகவல்களை மீட்டார்கள். அந்த ஆய்வு 2008இல் வெளியானது. வெளிக்கூடு எப்படி இருந்தாலும், தகடு தப்பியிருந்தால் நம்பிக்கை உண்டு.

நம் டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பினோம். செலவான தொகைக்கு ஒரு புதிய கம்ப்யூட்டரே வாங்கியிருக்கலாம். உம்மாவின் பன்னிரண்டு பதிவுகளில் நான்கு கிடைத்தன, அல்ஹம்துலில்லாஹ். மற்ற எட்டும் நம் அவசரத்தால் போயின.

இன்னொன்றும் முக்கியம். டிஸ்க்கில் நம் வீட்டுப் பெண்களின் படங்களும் பாஸ்போர்ட், பத்திர நகல்களும் இருக்கின்றன. அது அமானிதம். தெரிந்த, நம்பகமான இடத்தில் மட்டும் கொடுங்கள். என்னென்ன ஃபைல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, பழைய டிஸ்க்கையும் மறக்காமல் திரும்ப வாங்குங்கள். அழித்த ஃபைலை நாம் மீட்க முடியும் என்றால், நாம் விற்ற பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிறரும் மீட்க முடியும்.

மீட்பதைவிட நகல் வைப்பது எளிது, மலிவும்கூட. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று ஊருக்கு வெளியே என்பது வழக்கமான கணக்கு. 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும் 2015இல் வெள்ளத்தையும் பார்த்த நமக்கு, கடலூர் நகலைச் சிதம்பரத்து உறவினர் வீட்டில் வைப்பது மட்டும் போதாது என்று தெரியும். முக்கியமானவற்றை கூகுள் டிரைவில் ஏற்றலாம், அங்கே 15 ஜிபி வரை இலவசம். வளைகுடாவில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு பென்டிரைவில் கொடுத்தும் அனுப்பலாம்.

இந்த வாரமே வீட்டுப் பெரியவர்களின் படங்களையும் குரலையும் இன்னோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். எடுத்தபின் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.