சிப்பந்திகளின் பூசலும் நோயாளியின் கலவரமும்

மனோவியாதிகளுக்குச் சிகிச்சை நடைபெறும் இடங்களில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்குள்ளேயே பொறாமையும் கட்சிப்பூசலும் முகங்கொடுத்துப் பேசாத பகையும் இருப்பதுண்டு என்று சொன்னால், பிறர் மனத்தைச் சீர்ப்படுத்த வந்தவர்கள் தங்கள் மனத்தைச் சீராக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஜனங்கள் கேட்கிறார்கள். கேள்வி இயற்கையானதுதான். ஆனால் மனிதர்கள் கூடி நடத்தும் ஸ்தாபனம் எதுவானாலும், அதன் நோக்கம் எவ்வளவு உயர்ந்ததானாலும், அதிகாரம் யாருக்கு என்ற பிணக்கு அங்கே தலைகாட்டாமல் இருப்பது அபூர்வம் என்பதைத் திருவண்ணாமலைவாசிகள் தம் ஊர்ச் சரித்திரத்திலிருந்தே அறியலாம். ஸ்கந்தாசிரமத்தில் ரமண மகரிஷிக்குத் தொண்டு செய்து நிர்வாகமும் கவனித்துவந்த பெருமாள்சாமி, பிற்காலத்தில் மலையடிவாரத்து ஆசிரமத்தின் நிர்வாகம் மகரிஷியின் தம்பியான நிரஞ்சனானந்த சுவாமிகளிடம் இருந்ததை ஒப்பாமல் வழக்குத் தொடுத்ததும், அதில் மகரிஷியே வாக்குமூலம் தர நேர்ந்ததும் ஆசிரம வரலாறுகளில் பதிவாகியிருக்கின்றன. மௌனத்தையே உபதேசமாகக் கொண்டு வீற்றிருந்த ஒரு மகானின் அருகிலேயே இது நேர்ந்தது என்றால், தொகுப்பூதியமும் இரவுப் பணியும் ஆள்பற்றாக்குறையும் நெருக்குகிற ஓர் ஆஸ்பத்திரி வார்டில் நேர்வதில் வியப்பென்ன?

மனநலப் பிரிவில் இந்தப் பிணக்குக்குத் தனியான காரணம் ஒன்று உண்டு. எலும்பு முறிந்ததா இல்லையா என்பதில் இரண்டு வைத்தியர்கள் மாறுபட்டால் எக்ஸ்ரே படம் தீர்ப்பளித்துவிடும். ஒரு நோயாளி அடம்பிடிக்கிறாரா, அஞ்சி நடுங்குகிறாரா, அவரிடம் கண்டிப்பாக இருப்பதா கனிவாக இருப்பதா என்பதில் மாறுபட்டால் தீர்ப்பளிக்க எந்தப் படமும் இல்லை. அதனால் அபிப்பிராய பேதம் சீக்கிரத்தில் ஆள் பேதமாக மாறிவிடுகிறது. 1996-இல் நம் தேசத்தில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் மனநல வைத்தியர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ் ஆகியோர் ஒரே குழுவாக இயங்க வேண்டும் என்ற ஏற்பாட்டின்மேல் அமைந்தது. ஏற்பாடு நல்லது. ஆனால் ஓ.பி. நாளில் வைத்தியர் ஒரு நோயாளியுடன் செலவிட முடிவது சில நிமிஷங்களே. வீட்டு நிலைமை சமூகப் பணியாளருக்குத் தெரியும். இரவெல்லாம் நோயாளி என்ன பிதற்றினார் என்பது நர்ஸுக்குத் தெரியும். சோற்றை யார் தொடாமல் வைத்தார்கள் என்பது அட்டெண்டருக்குத்தான் தெரியும். நோயாளியோடு அதிக நேரம் இருப்பவருக்கு அதிகாரமும் சம்பளமும் குறைவு. அவருடைய சொல் கேஸ் ஷீட்டில் ஏறுவதே இல்லை. இந்த மனத்தாங்கலை வெறும் பொறாமை என்று ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சிப்பந்திகளுக்குள் நேரும் இப்பிணக்கு நோயாளியை எவ்விதம் தாக்குகிறது என்பதை முதன்முதலில் தெளிவாக விளக்கிய பெருமை இரண்டு அமெரிக்கர்களைச் சேர வேண்டும். ஆல்பிரட் ஸ்டான்டன் மனநல வைத்தியர். மாரிஸ் ஸ்வார்ட்ஸ் சமூகவியலாளர். பின்னாளில் மரணப்படுக்கையிலிருந்து தம் பழைய மாணவரோடு பேசிய பேச்சுக்களால் ஒரு புத்தகத்தின் மூலம் உலகப் பிரசித்தி பெற்ற அதே ஸ்வார்ட்ஸ்தான் இவர். மேரிலாந்து மாகாணத்தில் செஸ்ட்நட் லாட்ஜ் என்ற தனியார் மனநல ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டை இருவரும் நெடுநாள் கூர்ந்து கவனித்து, தாம் கண்டதை 1954-இல் நூலாக வெளியிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரே நோயாளிக்கு, அந்தரங்கமாகப் பேசிச் சிகிச்சை செய்ய ஒரு வைத்தியரும், வார்டில் அவர் எங்கே போகலாம், என்ன செய்யலாம் என்று தீர்மானிக்க வேறொரு வைத்தியரும் இருந்தார்கள். ஒருவர் சலுகை தர வேண்டும் என்று கருதுவார். மற்றவர் தரக்கூடாது என்று கருதுவார். இருவரும் அதை நேருக்கு நேர் பேசாமல், தத்தம் அபிப்பிராயத்தைத் தமக்கு வேண்டிய நர்ஸுகளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு, வெளியே ஒற்றுமையாகக் காட்சியளிப்பார்கள். அத்தகைய மறைவான பிணக்குக்கு எந்த நோயாளி விஷயமாக இருந்தாரோ, அந்த நோயாளியே காரணம் விளங்காத படபடப்பும் கூச்சலும் தூக்கமின்மையுமாகக் கலவரமடைந்தார் என்பதையும், அந்த இருவரையும் உட்காரவைத்து உள்ளதை உள்ளபடி பேசச் செய்ததும், மருந்தில் மாறுதல் ஏதுமில்லாமலேயே அந்தக் கலவரம் பெரும்பாலும் சட்டென்று அடங்கிற்று என்பதையும் அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டார்கள். அம்மாவுக்கும் பாட்டிக்கும் பேச்சு நின்றுபோன வீட்டில், ஒருவரும் ஒன்றும் சொல்லாதபோதே குழந்தை சிணுங்கத் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, கேடு விளைத்தது கருத்து வேற்றுமை அன்று என்பதே. வெளிப்படையாக வாதாடிய வேற்றுமைகள் நோயாளியைத் தொடவில்லை, மூடிவைத்தவையே தொட்டன.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1957-இல், இங்கிலாந்தில் காஸல் ஆஸ்பத்திரியின் டாக்டர் டாம் மெயின் இன்னும் கூச்சந்தரும் ஓர் உண்மையை எழுதினார். நர்ஸுகள் மனம்விட்டுப் பேசிய கூட்டங்களில், தூக்க மருந்து கொடுக்கப்படுவது நோயாளியின் அவசியத்தைப் பொறுத்ததாக மட்டும் இல்லை, கொடுப்பவரின் பொறுமை எல்லை கடந்துபோவதைப் பொறுத்ததாகவும் இருக்கிறது என்பது தெரியவந்தது. சில நோயாளிகளைச் சுற்றிச் சிப்பந்திகள் இரண்டு கட்சிகளாகவே பிரிந்துபோவதையும் அவர் கண்டார்: “இவரை நான் ஒருத்திதான் புரிந்துகொண்டிருக்கிறேன்” என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம், “நீ செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்” என்பவர்கள் மறுபக்கம். இரு சாராருமே மனப்பூர்வமாக உழைத்தவர்கள்.

திருவண்ணாமலைக்கு இது நெருங்கிய விஷயம். சேஷாத்திரி சுவாமிகளைப் பித்தர் என்று அழைத்தவாறே வணங்கிய ஊர் இது. கிரிவலப் பாதையில், உறவினரால் கைவிடப்பட்டு, பேர் ஊர் சொல்லத் தெரியாமல் திரிகிறவர்களை இன்றும் காண்கிறோம். அத்தகையோரைப் பாதுகாப்பில் எடுக்கும் கடமையை 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் போலீஸாருக்கு விதித்திருக்கிறது. அப்படிச் சேர்க்கப்படுகிறவருக்கு வார்டுச் சிப்பந்திகளைத் தவிர வேறு உற்றார் கிடையாது; அவர்கள் ஒருவரோடொருவர் பகைத்தால் அவருக்கு ஒதுங்க இடமில்லை. இதற்கு மாறாக, பக்கத்து வேலூரில், பாகாயத்து மனநல மையத்தில், நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கியிருக்கும் ஏற்பாடு நெடுங்காலமாக நடந்துவருகிறது. வீட்டார் அருகில் இருப்பது நோயாளிக்குப் பெரிய காவல்.

சிப்பந்திகளின் பிணக்குக்குச் செலவில்லாத பரிகாரம் ஒன்று கைவசம் இருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரம், பெரிய டாக்டர் முதல் ஆயா வரையில் ஒரே அறையில் அமர்ந்து, யாரைப் பற்றி நமக்குள் மனவேற்றுமை இருக்கிறது என்பதைப் பேச வேண்டும். அட்டெண்டர் முதலில் பேசட்டும், வைத்தியர் கடைசியில் பேசட்டும். நோயாளியின் வீட்டாருக்கும் ஒரு விண்ணப்பம்: “அந்த சிஸ்டர் இப்படிச் சொன்னாங்க, நீங்க வேற மாதிரி சொல்றீங்களே” என்ற சந்தேகம் எழுந்தால், ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் தனியே போய்ச் சொல்லாமல், இருவரும் இருக்கும்போது மரியாதையுடன் கேளுங்கள்.