சொல்லத் தெரியாத பிள்ளையின் வயிற்றுவலி!

மாலையானால் சோபாவுக்குப் பின்னால் போய் நிற்பான். கால்களைப் பின்னிக்கொண்டு, முன்பாதத்தில் எம்பி, முகம் சிவக்க மூச்சைப் பிடிப்பான். சில நாள் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். ஆட்டிசம் உள்ள ஏழு வயதுப் பையன். 'இவன் சுபாவம் அது' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். வாரத்துக்கு ஒருமுறைதான் மலம் கழிக்கிறான் என்பது யாருக்கும் உறைக்காது.

ஆட்டிசம், பெருமூளை வாதம், டவுன் சிண்ட்ரோம் போன்ற பாதிப்புள்ள குழந்தைகளிடம் மலச்சிக்கல் மிக அதிகம். காரணம்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஆட்டிசம் உள்ள குழந்தை தயிர் சாதம், பிஸ்கட், சிப்ஸ் தவிர வேறெதையும் தொடாது. ஃப்ளஷ் சத்தமும் ஈரத்தரையும் அதை மிரளவைக்கும். பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு நடமாட்டம் குறைவு. விழுங்கச் சிரமம் என்பதால் தண்ணீரும் குறைவு. டவுன் சிண்ட்ரோமில் தசைகள் தளர்வாக இருக்கும். தைராய்டு குறைபாடும் சேர்ந்திருக்கலாம். வலிப்புக்கும் நடத்தைப் பிரச்னைக்கும் தரும் சில மருந்துகளும் மலத்தை இறுக்கும்.

ஒருமுறை வலியோடு மலம் கழித்த குழந்தை, மறுமுறை அடக்கப் பார்க்கும். அடக்க அடக்க மலம் இறுகும். இறுகினால் இன்னும் வலி. நாளடைவில் மலக்குடல் விரிந்து, 'வருகிறது' என்ற உணர்வே மங்கிவிடும். அப்புறம், அடைத்து நிற்கும் கட்டியைச் சுற்றித் தண்ணீராகக் கசிந்து ஜட்டியில் படும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுக்கிறவர்கள் உண்டு. 'வேணும்னே பண்றான்' என்று அடிக்கிறவர்களும் உண்டு. கசிவது அந்தக் குழந்தைக்கே தெரியாது.

சிகிச்சையில் முதல் வேலை, தேங்கியதை வெளியேற்றுவது. பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரை மருத்துவர் சொல்லும் அளவில் சில நாள்கள் கொடுப்பார்கள். குழந்தை வழக்கமாகக் குடிக்கும் பானத்தில் கலந்தால் பல பிள்ளைகள் மறுக்காமல் குடித்துவிடுவார்கள். அதன்பின் தினமும் மிருதுவாகப் போகும் அளவுக்கு மாதக்கணக்கில் மருந்து தொடர வேண்டும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். நாலு நாள் நன்றாகப் போனதும், 'பழக்கமாகிடும்' என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். இந்த வகை மருந்து குடலில் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்குகிறது, குடலைச் சோம்பேறியாக்குவதில்லை. விரிந்த குடல் பழைய நிலைக்கு வர நாளாகும். அதனால் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லி, மெதுவாகத்தான்.

விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு போன்ற பாட்டி காலத்து வழிகள் இந்தக் குழந்தைகளுக்கு வேண்டாம். தொடுவதற்கே கூசும் பிள்ளைக்கு அது இன்னொரு பயம். விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு எண்ணெய் வகைகளைப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்தும் இருக்கிறது.

பப்பாளி, கொய்யா, கீரை எல்லாம் நல்லதுதான். ஆனால், கட்டி அடைத்திருக்கும்போது நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் வயிறு உப்பும். அடைப்பு நீங்கிய பிறகு தோசை மாவில் ஒரு ஸ்பூன் கேழ்வரகு மாவு என்று ஆரம்பிக்கலாம். பால் அளவுக்கு மீறிப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சாப்பிட்டு அரைமணி நேரத்துக்குள் குடல் தானே அசையும். அந்த நேரத்தில் தினமும் ஐந்து நிமிடம் டாய்லெட்டில் உட்காரவைக்கலாம். நம் ஊர்க் கழிப்பறையில் குந்தி உட்காருவது இதற்குத் தோதான நிலை. வெஸ்டர்ன் என்றால் காலுக்கு ஒரு முக்காலி வேண்டும். கால் தொங்கினால் முக்க முடியாது. படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டலாம். ஃப்ளஷ்ஷைக் குழந்தை வெளியே போனபின் அழுத்தலாம். போகாவிட்டாலும், உட்கார்ந்ததற்கே பாராட்டு.

பிறந்து 48 மணி நேரம் கழித்து முதல் மலம் போயிருந்தாலோ, பச்சை நிற வாந்தி, வயிறு வீக்கம், எடை குறைவு, புதிதாகக் கால் தளர்வு என்று ஏதாவது இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

போகும்போது இரண்டு வாரக் கணக்கை காலண்டரில் குறித்து எடுத்துப்போவது நல்லது. எந்த நாள், எப்படிப் போனது என்று... ஆட்டுப் புழுக்கை மாதிரியா, வாழைப்பழம் மாதிரியா, கஞ்சி மாதிரியா? அந்த ஒற்றை வார்த்தையே மருத்துவருக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.