வார்டிலிருந்து மேயர் இருக்கைக்கு

மாணவர்களே! காரோட்டில் நம் தெருவிளக்கு எரியவில்லையெனில் எவரிடம் முறையிடுவோம்? வார்டு உறுப்பினரிடம் முறையிடுவோம். அவர் கிராமப் பஞ்சாயத்தில் நம் பகுதியின் சார்பாளர். இங்குப் பஞ்சாயத்து எனப்படுவதைத் தமிழ்நாட்டில் ஊராட்சி என்பர். அருகிலுள்ள நெய்யாற்றின்கரை ஒரு நகராட்சி. திருவனந்தபுரம் ஒரு மாநகராட்சி. மாநகராட்சியின் தலைவரே மேயர் ஆவார்.

செல்வரும் செல்வாக்குடையோருமே மேயராக இயலும் எனப் பலர் எண்ணுவர். கும்பகோணத்தின் முதல் மேயர் அவ்வாறு வந்தவரல்லர்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள கும்பகோணம், கோயில்களாலும் மகாமகக் குளத்தாலும் புகழ்பெற்றது. 1866இல் நகராட்சியான அவ்வூர், 2021இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. 2022 பிப்ரவரி 19 அன்று அங்குள்ள 48 வார்டுகளுக்கும் தேர்தல் நடைபெற்றது. தமிழ்நாட்டின் நகரங்களில் அதற்கு முந்தைய உள்ளாட்சித் தேர்தல் 2011இல் நிகழ்ந்தது. அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் 2016இல் முடிந்தபின், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இன்றி அலுவலர்களே நகரங்களை நிருவகித்தனர். எனவே, தம் தெருவின் குறையை மன்றத்தில் எடுத்துரைக்க மக்களுக்கு ஒருவரும் இலர்.

அத்தேர்தலில் 17ஆம் வார்டில் காங்கிரஸ் சார்பில் வென்றவர் க. சரவணன். அவர் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவர். வாடகை வீட்டில் வாழ்ந்தவர். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை; வார்டு உறுப்பினர்களே தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பர். கும்பகோணத்தில் தி.மு.க. உறுப்பினர்களே மிகுதி. எனினும், கூட்டணி உடன்பாட்டின்படி அப்பதவி காங்கிரசுக்கு வழங்கப்பட்டது. மார்ச் 4 அன்று சரவணன் மேயரானார். பதவியேற்க அவர் ஆட்டோவிலேயே வந்தார்.

திருவனந்தபுரத்திலும் இதனையொத்த நிகழ்வு உண்டு. முடவன்முகள் வார்டில் வென்ற கல்லூரி மாணவி ஆர்யா ராஜேந்திரன், 2020 டிசம்பரில் தம் 21ஆம் அகவையில் மேயரானார். இருவருக்கும் முதற்படி வார்டே.

மேயர் தனித்து எதனையும் முடிவு செய்துவிட இயலாது. குடிநீர், கழிவுநீர், குப்பை அகற்றல் போன்றவை பற்றி மன்றம் கூடித் தீர்மானம் நிறைவேற்றும். மேயர் அதற்குத் தலைமை தாங்குவார். அரசு அமர்த்தும் அலுவலர் அதனைச் செயற்படுத்துவார். ஆதலால் ஒவ்வொரு வார்டு உறுப்பினரின் குரலும் மதிப்புடையது.

அவ்வுறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது நம் வாக்கு. 18 அகவையில் வாக்களிக்கலாம். 21 அகவையில் போட்டியிடலாம். இரண்டுக்கும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருத்தல் வேண்டும். தொழிலின் பொருட்டு ஊர் மாறிய பலரின் பெயர் பழைய ஊரிலேயே தங்கிவிடுகிறது. அவர்கள் இங்கு வரி செலுத்துவர். இங்குள்ள குழாயில் நீர் பிடிப்பர். தேர்தல் நாளில் மட்டும் வாக்கின்றி நிற்பர். வாழும் ஊரில் பெயரைப் பதிவு செய்வதே அவ்வூரின் ஆட்சியில் பங்குபெறுவதற்கு முதற்படியாகும்.

சொற்பொருள்
சார்பாளர் – பிறருக்காகப் பேசுபவர்
அகவை – வயது
நிருவகித்தல் – நடத்துதல்

பயிற்சி
1. மேயர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறார்?
2. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லாத காலத்தில் மக்களுக்கு ஏற்பட்ட குறை யாது?
3. உங்கள் பெற்றோரின் பெயர் எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் உள்ளது? கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.