பத்துத் தோல்விகளின் கணக்கு

ஓர் அணி தோற்றுக்கொண்டே போனால் அது பலவீனமா, கெட்ட நேரமா? புள்ளியியல் தரும் பதில்

2025 ஐபிஎல் புள்ளிப் பட்டியலில் சென்னை சூப்பர் கிங்ஸ் பத்தாவது இடத்தில் முடித்தது. ஆடியது 14, வென்றது 4, தோற்றது 10. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கோப்பையைத் தூக்கிய அணி பட்டியலின் அடியில் நின்றது அதுதான் முதல் முறை.

அந்தக் கோடையில் போளூர் பேருந்து நிலையத்து டீக்கடையிலும், ஆரணிப் பக்கம் தறி ஓடும் வீடுகளிலும் இதே பேச்சுதான். "தோனிக்கு வயசாயிடுச்சு." "ஏலத்துலயே கோட்டை விட்டுட்டாங்க." "ருதுராஜுக்குக் கை அடிபட்டதும் எல்லாம் போச்சு." ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் காரணம் தேடுவதற்கு முன்னால் அறிவியல் வேறொரு கேள்வியைக் கேட்கும். இந்தத் தோல்விகளில் எத்தனைக்குக் காரணம் தேவை? எத்தனை தற்செயலாகவே வந்திருக்கும்?

14 காசுகள்

ஒரு ரூபாய் நாணயத்தை 14 முறை சுண்டுங்கள். தலை விழுந்தால் வெற்றி, பூ விழுந்தால் தோல்வி. சராசரியாக ஏழு தலை விழ வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏழே விழாது. நான்கு அல்லது அதற்கும் குறைவாகத் தலை விழுவதற்கான நிகழ்தகவு சுமார் 9 சதவீதம். 16,384 விதமான வரிசைகளில் 1,471 வரிசைகள் அப்படிப்பட்டவை.

இதை ஐபிஎல்லுக்குப் பொருத்திப் பார்ப்போம். பத்து அணிகளும் துளி வித்தியாசமில்லாமல் சம பலம் கொண்டவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சராசரியாக ஒரு சீசனுக்கு ஏறக்குறைய ஓர் அணி நான்கு வெற்றியோ அதற்குக் குறைவாகவோ பெற்றுத் துவண்டு நிற்கும். இன்னோர் அணி பத்து ஆட்டங்களோ அதற்கு மேலோ வென்று பட்டாசு வெடிக்கும். முன்னதைத் திட்டுவோம், பின்னதைக் கொண்டாடுவோம். இரண்டுமே ஒரே காசின் வேலையாக இருக்கலாம்.

14 ஆட்டங்கள் என்பது மிகச் சிறிய மாதிரி. அதிலிருந்து ஓர் அணியின் உண்மையான வெற்றி விகிதத்தைக் கணக்கிட்டால், இரு பக்கமும் சுமார் 26 சதவீதப் புள்ளிகள் வரை பிழை வர இடமுண்டு. அந்தப் பிழை 10 ஆகச் சுருங்க ஏறக்குறைய 100 ஆட்டங்கள் வேண்டும். ஐபிஎல் கணக்கில் அது ஏழு சீசன். நாமோ ஏழு ஆட்டம் முடிவதற்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

எல்லாமே தற்செயலா?

இல்லை. அதையும் எண்களே சொல்கின்றன. வெற்றி தோல்வியை மட்டும் எண்ணுவதைவிட, எவ்வளவு வித்தியாசத்தில் வென்றார்கள், தோற்றார்கள் என்று பார்ப்பது அணியின் பலத்தைச் சரியாகக் காட்டும். அமெரிக்க பேஸ்பால் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதை வலியுறுத்தினார். நூலிழையில் முடியும் ஆட்டம் எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம். பெரிய வித்தியாசம் அவ்வளவு எளிதில் தற்செயலாக வராது.

சென்னையின் ஆட்டங்களை இப்படிப் பிரித்துப் பாருங்கள். குவாஹாட்டியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோல்வி. பெங்களூரில் 214 ரன் இலக்கைத் துரத்தியபோது 17 வயது ஆயுஷ் மாத்ரே 94 ரன் விளாசியும் 2 ரன்னில் தோல்வி. இவ்விரண்டும் மாறியிருந்தால் கணக்கு 6 வெற்றி, 8 தோல்வி ஆகியிருக்கும். ஆனால் நியாயமாகப் பேசினால், கொல்கத்தாவை 2 விக்கெட் வித்தியாசத்தில் வென்றதும் அதே நூலிழைதான். நமக்குச் சாதகமாக விழுந்த காசையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மறுபக்கம் பாருங்கள். ஏப்ரல் 11 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன் மட்டுமே. அந்த இலக்கை எதிரணி 59 பந்து மீதம் வைத்து எட்டியது. மும்பையில் 9 விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி. ராஜஸ்தானும் அந்த சீசனில் அதே 4 வெற்றிதான் பெற்றது. நிகர ரன் விகிதத்தில் பின்தங்கியதால்தான் சென்னை அதற்கும் கீழே போனது.

சொந்த மைதானக் கணக்கு இன்னும் அழுத்தமானது. 2011-இல் சேப்பாக்கத்தில் ஆடிய ஆட்டங்கள் அனைத்தையும், இறுதிப் போட்டி உட்பட, சென்னை வென்றது. 2025-இல் மும்பையை அங்கே வென்று தொடங்கிய அணி, பிறகு பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், பஞ்சாப் என ஐந்து அணிகளிடம் அதே மண்ணில் வரிசையாகத் தோற்றது. மெதுவாகத் திரும்பும் ஆடுகளத்துக்கு ஏற்ப அணியைக் கட்டுவதுதான் சென்னையின் பழைய பலம். ஆடுகளத்தைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார்.

இன்னொரு கணக்கும் உண்டு. பத்துக்கு ஆறு ஆட்டம் வெல்லும் திறன் கொண்ட வலுவான அணி, 14-இல் நான்கு அல்லது அதற்குக் குறைவாக வெல்ல வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே 2025-இல் நாம் பார்த்தது சாம்பியன் அணியின் கெட்ட நேரம் மட்டும் அல்ல. அந்த ஆண்டு அணியின் பலமே சராசரிக்கு இறங்கியிருந்தது. அதன் மேல் கெட்ட நேரமும் சேர்ந்துகொண்டது.

சராசரிக்குத் திரும்புதல்

2020-இல் சென்னை 6 வெற்றி, 8 தோல்வியுடன் ஏழாவது இடம் பிடித்தது. பிளே-ஆஃப் போகாதது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு கோப்பை. 2022-இல் 4 வெற்றி, 10 தோல்வி, ஒன்பதாவது இடம். அடுத்த ஆண்டு மறுபடியும் கோப்பை.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தார்கள், ஆனால் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இறங்கியிருந்தார்கள். மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் ஏறியிருந்தார்கள். திறனும் தற்செயலும் கலந்த எந்த அளவிலும் இது நடக்கும். மிக மோசமான முடிவு ஒன்றில் பெரும்பாலும் கெட்ட நேரத்தின் பங்கு அதிகமாக இருக்கும். அந்தக் கெட்ட நேரம் அடுத்த முறையும் அதே அளவில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் அடுத்த முடிவு பெரும்பாலும் மேலேறும். ஆனால் இந்த விதி அணியைச் சராசரி வரைதான் தூக்கிவிடும். அங்கிருந்து கோப்பைக்குப் போக உழைப்பும் தேர்வும் வேண்டும்.

இதை அறியாததால் வரும் தவறு ஒன்றை உளவியலாளர் டேனியல் கானமன் கண்டார். இஸ்ரேல் விமானப் படைப் பயிற்சியாளர்கள், மோசமாகப் பறந்தவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாகப் பறக்கிறான், நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான் என்று நம்பினார்கள். திட்டாவிட்டாலும் பாராட்டாவிட்டாலும் அந்த மாற்றம் பெரும்பாலும் நடந்தே இருக்கும். இரண்டும் சராசரிக்குத் திரும்புதல்தான்.

விளையாட்டில் இதன் விலை அதிகம். தொடர்ந்து தோற்றதும் பயிற்சியாளரை நீக்குவார்கள். அணி மீளும். நீக்கியதால் மீண்டது என்பார்கள். நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் தெர் வீல் 1986 முதல் 2004 வரையிலான டச்சுக் கால்பந்து அணிகளை ஆராய்ந்தார். அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதே அளவு மீண்டிருந்தன.

எப்போது தீர்ப்பு எழுதலாம்?

அப்படியானால் எந்தத் தோல்விக்கும் யாரையும் குறை சொல்லக் கூடாதா? சொல்லலாம், சான்று போதுமான அளவு சேர்ந்தபின்.

புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் 2017-இல் களமிறங்கியது. முதல் மூன்று சீசன்களில் ஆடியது 66 ஆட்டங்கள். வெற்றி 6, 5, 3 என மொத்தம் 14; தோல்வி 42; மீதி சமன். 2019-இல் 12 அணிகளில் கடைசி. சம பலம் கொண்ட ஓர் அணிக்குத் தற்செயலாக இப்படி அமைய வாய்ப்பு பல ஆயிரத்தில் ஒன்று. இங்கே கெட்ட நேரம் என்ற சமாதானம் எடுபடாது. அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி போன்ற பெரிய பெயர்கள் இருந்தும் அணி அமையவில்லை. 2022-இல் மிகப் பெரிய விலைக்கு வாங்கிய பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே காயத்தால் வெளியேற, நரேந்தர் போன்ற இளைஞர்களை நம்பி ஆடிய அணி முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது.

அமெரிக்காவில் முட்டை வடிவப் பந்தோடு ஆடும் அவர்களுடைய கால்பந்தில் ஒரு சீசனுக்கு இப்போது 17 ஆட்டங்கள், 2008-இல் 16. டெட்ராய்ட் லயன்ஸ் அணி அந்த ஆண்டு 16-லும் தோற்றது. சம பலம் கொண்ட அணிக்கு அப்படி நடக்க வாய்ப்பு 65,536-இல் ஒன்று. ஒரே சீசன் என்றாலும் அந்தச் சான்று போதும். அங்கே கடைசி இடத்து அணிக்கே அடுத்த ஆண்டு புதிய வீரர்களில் முதல் தேர்வு. லயன்ஸ் அப்படி எடுத்த மேத்யூ ஸ்டாஃபோர்டோடு 2011-இல் பிளே-ஆஃபுக்குப் போனது.

நம் பக்கத்துப் பட்டு முதலாளி, ஒரு சேலையில் இழை அறுந்த குறையைப் பார்த்ததும் தறிக்காரரை நிறுத்திவிடுவதில்லை. நான்கைந்து சேலை வரட்டும் என்று காத்திருப்பார். அதே இடத்தில் அதே குறை திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு தறியில் என்று அறிவார். புள்ளியியலும் அதே பொறுமையைத்தான் கேட்கிறது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு

ஐபிஎல் வீரர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. போளூர் வட்டாரத்துப் பள்ளிக்கூட மைதானங்களில்தான் இது அதிகம் தேவை. ஒரு மாவட்டப் போட்டியில் இரண்டு ரெய்டு தவறிய பையனும், தேர்வு ஆட்டத்தில் முதல் பந்திலேயே அவுட் ஆன பெண்ணும் அந்த ஒரு நாளோடு ஓரம் கட்டப்படுவதுண்டு. ஒரு நாள் ஆட்டம் என்பது ஒரே ஒரு முறை சுண்டிய காசு.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஊர் அணிச் செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் ரெய்டு, பிடி, ரன், விக்கெட்டை ஆட்டத்துக்கு ஆட்டம் எழுதிவையுங்கள். பத்து, இருபது ஆட்டங்கள் சேர்ந்தபின் அதைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். அதுவரை எந்தப் பிள்ளைக்கும் ஆட வராது என்று சொல்லாதீர்கள்.