வெறுமையான இறாக்கைகள்

2020 மார்ச்சில் ஜேர்மனியின் சுப்பர் மார்க்கெட் இறாக்கைகளில் கோதுமை மாவும் ரொய்லெற் கடதாசியும் இல்லாது போயின. உற்பத்தி நின்றுவிடவில்லை. கடைகள் சில நாட்களின் தேவைக்கே பொருட்களை வைத்திருப்பவை; ஒவ்வொரு வீடும் ஒரு பொதி கூடுதலாக வாங்கினால் இறாக்கை வெறுமையாகிவிடும். தட்டுப்பாடு வருமென்ற நம்பிக்கையே தட்டுப்பாட்டைக் கொண்டுவருகிறது. வங்கியொன்றை உதாரணமாகக் கொண்டு ரொபேர்ட் மேர்ட்டன் 1948இல் விளக்கிய 'தன்னைத்தானே நிறைவேற்றும் எதிர்வுகூறல்' இதுதான்.

1990இன் பின் யாழ்ப்பாணத்தில் நாம் கண்டது வேறு. அங்கு மண்ணெண்ணெயும் பற்றரியும் அரசின் தடையால் அருகிப்போயின. போத்தலில் மண்ணெண்ணெய் சேர்த்தவர்களைப் பீதியடைந்தவர்கள் எனக் கூறமுடியாது.

ஆயினும் இரு இடத்திலும் சேர்த்துவைக்கப் பணம் வேண்டும், நேரம் வேண்டும். மாதக்கடைசியில், தொழிற்சாலை வேலை முடிந்து கடைக்குப் போன என்போன்றோருக்கு இவ்விரண்டும் இருக்கவில்லை. எனவே 'ஆளுக்கு ஒரு பொதி' என்ற கட்டுப்பாட்டைச் சுதந்திர மறுப்பாக நான் கருதவில்லை. எமது சங்கக்கடைக் கூப்பனின் நியாயமும் இதுவே. 2016இலேயே ஜேர்மன் அரசு பத்து நாள் உணவை வீட்டில் வைத்திருக்கும்படி ஆலோசனை கூறியது. அமைதியான காலத்தில் சிறிது சிறிதாக வாங்குவதால் எவர் பங்கும் குறைவதில்லை. நெருக்கடி நாளில் அள்ளுவது அப்படியல்ல. பின்னால் வருபவருக்கு எதுவும் மிஞ்சாது.